கடவுள் உண்டா என்ற பேச்சில் நிரூபிக்க வேண்டியவர் யார்: பிரித்துப் பார்க்கும் முறை

தண்டையார்பேட்டையில் நாங்கள் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் டீக்கடையில், கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சு எழாத வாரம் குறைவு. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் அண்ணன் ஒருவர், ராயபுரத்திலிருந்து வரும் பெந்தெகொஸ்தே சபைக்காரர் ஒருவர், தையல் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், கடவுள் நம்பிக்கை இல்லாத நான் என்று கலந்த கூட்டம் அது. பேச்சு சிக்கிக்கொள்ளும் இடம் மட்டும் எப்போதும் ஒன்றுதான். "இருக்கிறார்னு நீ நிரூபி" என்று ஒருவர் சொல்ல, "இல்லைன்னு நீ நிரூபி" என்று மற்றவர் திருப்பிச் சொல்ல, இருவரும் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு முறை உண்டு. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஜார்ஜ் டவுன் பக்கம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு சுமந்தவன். ஆகவே இதில் பாதியை நீதிமன்றத்தில் கற்றேன். மீதி படிப்பிலிருந்தும், நானே செய்த ஒரு தவற்றிலிருந்தும் வந்தது. என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் இங்கே சொல்லும் விதிகள் நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் ஒரே அளவில் பொருந்த வேண்டும் என்பதில் கவனமாக இருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மட்டும் வளைகிற தராசை வைத்துக்கொண்டு யாரையும் எடைபோட முடியாது.

வாக்கியத்தை முதலில் நிறுத்துங்கள்

பேச்சு தொடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, எதிரில் இருப்பவர் உறுதியாகச் சொல்வது என்ன என்பதை ஒரே வாக்கியமாக்கி, "நீங்கள் சொல்வது இதுதானே" என்று கேட்டு அவருடைய ஒப்புதலை வாங்குவது. வழக்குத் தொடுக்கும் மனுவான பிராதில் கேட்கும் பரிகாரம் இன்னதென்று எழுதாமல் எந்த வழக்கும் நடக்காது. 'கடவுள் இருக்கிறார்' என்ற இரண்டு சொற்களுக்குள் பல பேச்சுகள் கலந்து கிடக்கின்றன. உலகத்தை அறிவுள்ள ஒருவர் படைத்தார் என்பது ஒன்று. அவர் வேண்டுதலைக் கேட்டு நடப்பை மாற்றுகிறார் என்பது இன்னொன்று. இந்த நூல் அவர் அருளியது என்பது மூன்றாவது. கோவிலுக்குப் போய்வந்தால் மனம் லேசாகிறது என்பதையும் மக்கள் இதே சொற்களால்தான் சொல்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னதற்கு எந்த நிரூபணமும் தேவையில்லை, ஏனென்றால் அது உலகத்தைப் பற்றிய செய்தியே இல்லை. சொல்பவருடைய மனத்தைப் பற்றிய செய்தி. என் அம்மா ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, விடியற்காலையில் அண்டாவில் நொய்யோடு சேர்த்துக் கிண்டி, சின்ன வெங்காயமும் மோரும் கலந்து, வாசலுக்கு வரும் பிள்ளைகளின் சொம்பிலும் தூக்கிலும் ஊற்றி முடிக்கப் பத்து மணி ஆகிவிடும். அம்மன் நோயைத் தடுக்கிறாள் என்று அவர் ஒருநாளும் என்னிடம் வாதிட்டதில்லை. வாதமே வைக்காத ஒருவரிடம் போய் ஆதாரம் கேட்பது, கடனே கேட்காதவரிடம் ஜாமீன் கேட்பது போன்றது.

இதே கண்டிப்பை நம்பாதவர் தன் வாக்கியத்திலும் காட்ட வேண்டும். 'கடவுள் இருப்பதாக நம்புவதற்குப் போதிய காரணம் எனக்குக் கிடைக்கவில்லை' என்பது ஒரு நிலை. 'கடவுள் இல்லை' என்பது அதைவிடப் பெரிய வேறொரு நிலை. பெரியார் சிலைகளின் பீடத்தில் நாம் பார்த்து வளர்ந்த வாசகம் இரண்டாவது வகை. அவரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு; இருந்தாலும் அந்த வாசகத்தைத் தன் சொந்தக் கூற்றாக முன்வைப்பவர், அதற்கான காரணங்களையும் தானே முன்வைக்கக் கடமைப்பட்டவர். முதல் நிலையில் நிற்பவருக்கு அந்தக் கடமை இல்லை. தான் எந்த நிலையில் நிற்கிறோம் என்று தெரியாமல், கேள்வி வரும்போது முதலாவதற்கும் கைதட்டல் வரும்போது இரண்டாவதற்கும் தாவுகிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதை விட்டொழிக்க வேண்டும்.

புரோநோட்டுக் கணக்கு

வாக்கியம் நின்றுவிட்டால், பொறுப்பு யாருடையது என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 101ஆம் பிரிவு சொன்னது எளிய விதி: எந்தச் செய்தி உண்மை என்ற அடிப்படையில் ஒருவர் தீர்ப்புக் கேட்கிறாரோ, அந்தச் செய்தியை அவரே மெய்ப்பிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்த பிறகும் இந்த விதி மாறவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் கடன் கொடுத்தேன் என்று ஒருவர் வழக்குப் போட்டால், 'நான் வாங்கவில்லை' என்பவர் எதை எடுத்துக்காட்டுவார்? வாங்காததற்கு ரசீது கிடையாது. கொடுத்தேன் என்பவரிடம்தான் தாள் இருக்க வேண்டும்.

தத்துவத்தில் இதே செய்தியைப் பெர்ட்ரண்ட் ரஸல் 1952இல் ஓர் உவமையால் விளக்கினார். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு பீங்கான் தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றிவருகிறது என்றும், எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாத அளவுக்கு அது சிறியது என்றும் நான் சொன்னால், அதை யாராலும் பொய்யென்று காட்ட முடியாது. அதனாலேயே அதை நம்பும் கடமை யாருக்கும் வந்துவிடாது என்பது அவருடைய வாதம். 1972இல், அப்போது நாத்திகராக இருந்த தத்துவவாதி ஆன்டனி ஃப்ளூ இதைக் குற்றவியல் நீதியோடு ஒப்பிட்டார். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரை நிரபராதியாகக் கொள்வதுபோல, காரணம் காட்டப்படும்வரை நம்பாமையையே தொடக்கநிலையாகக் கொள்ள வேண்டும் என்றார். அதே ஃப்ளூ 2004இல், படைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று தன் முடிவை மாற்றிக்கொண்டார். எங்கள் சபைக்காரர் இதை அடிக்கடி நினைவூட்டுவார். ஆனால் ஃப்ளூ கைவிட்டது தன் முடிவைத்தான். பொறுப்பு யாருடையது என்பது ஒரு கேள்வி, அந்தப் பொறுப்பு நிறைவேறிவிட்டதா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதில் ஒத்துப்போகும் இரண்டு பேர் இரண்டாவதில் எதிரெதிராக நிற்கலாம்.

நம்பாத நண்பர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பொறுப்பு ஒரே இடத்தில் கிடப்பதில்லை. புரோநோட்டில் உள்ள கையெழுத்து தன்னுடையதுதான் என்று பிரதிவாதி ஒப்புக்கொண்ட அந்த நொடியில், புரோநோட்டு, காசோலை போன்றவற்றுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் 118ஆம் பிரிவு வேலை செய்யத் தொடங்குகிறது: பணம் கைமாறியதாக நீதிமன்றம் அனுமானிக்கும், இனி மாறாகக் காட்ட வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். அதுபோல, நம்புகிறவர் ஒரு காரணத்தை மேசைமேல் வைத்துவிட்டால், அது உலகத்துக்கு ஒரு முதற்காரணம் வேண்டும் என்ற வாதமாகட்டும், கண்ணால் கண்ட சம்பவமாகட்டும், அதை எடுத்துப் பார்த்து எங்கே நிற்கவில்லை என்று காட்டும் வேலை நமக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் 'நிரூபி, நிரூபி' என்று சொல்லிக்கொண்டிருப்பது, தாளைப் பார்க்காமலே போலி என்று கத்துவதற்குச் சமம்.

தேடிய இடமும் தேடாத இடமும்

'இல்லாததை நிரூபிக்கவே முடியாது' என்பதை ஒரு பழமொழிபோலச் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது பாதி உண்மை. காசிமேட்டு ஏலக்கூடத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் பார்த்து 'இதில் வஞ்சிரம் இல்லை' என்று சொன்னால், அது முழு நிரூபணம். ஒரே ஒரு வலையை இழுத்துப் பார்த்துவிட்டு 'கடலிலேயே வஞ்சிரம் இல்லை' என்று சொன்னால், நிரூபணம் இல்லை. ஒரு பொருள் இருந்தால் எங்கே, எப்படித் தெரிந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த இடத்தைப் போதிய அளவு தேடியாயிற்றா என்று கேளுங்கள். தேடியும் தெரியவில்லையென்றால், தெரியாமை தானே ஒரு சாட்சி.

ஆகவே எந்தக் கடவுளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். இன்ன வேண்டுதல் செய்தால் இன்ன நோய் தீரும் என்பது கூடை, கவிழ்த்துப் பார்க்கலாம். குணமும் உருவமும் கடந்து, உலகில் எந்தத் தடயமும் விடாத பரம்பொருள் என்பது கடல். அதை இல்லை என்று காட்ட நம்மிடம் வலை இல்லை, இருக்கிறது என்று காட்ட அவர்களிடமும் வலை இல்லை. அந்த இடத்தில் நான் 'நம்பக் காரணம் காணவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பேச்சின் நடுவில் கூடையைக் காட்டித் தொடங்கி, கேள்வி நெருங்கியதும் கடலுக்குள் போய்விடும் வாதத்தை அடையாளம் காணப் பழகுங்கள். அது நடக்கும்போது கோபப்படாமல், முதலில் நிறுத்திய வாக்கியத்தைத் திரும்பப் படித்துக்காட்டினால் போதும்.

எவ்வளவு ஆதாரம் போதும்

உரிமையியல் வழக்கில் எந்தப் பக்கம் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகமோ அந்தப் பக்கம் தீர்ப்பு. குற்றவியலில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த தெருவில் நாய் நிற்கிறது என்றால் கேட்டவுடன் நம்புவோம். சிங்கம் நிற்கிறது என்றால் எட்டிப் பார்ப்போம். 1748இல் தத்துவவாதி டேவிட் ஹியூம் அற்புதங்களுக்குச் சொன்ன விதியும் இதன் நீட்சிதான்: சாட்சி சொல்பவர் ஏமாந்திருப்பது, சாட்சியில் உள்ள அற்புதத்தைவிட வியப்பானதாக இருந்தால்தான் அந்தச் சாட்சியை ஏற்கலாம்.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் குடிக்கின்றன என்ற செய்தி நாடு முழுவதும் பரவியது. எங்கள் தெருக்கோவிலிலும் வரிசை நின்றது. நானும் கரண்டியோடு நின்றேன். விளிம்பு ததும்ப நிறைந்த கரண்டியைத் துதிக்கையில் ஒட்டிச் சற்றே சாய்த்ததும், பால் மட்டம் குறைவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற எவரும் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னார்கள். அதே நாட்களில் அரசின் அறிவியலாளர்கள் பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்தபோது, அது சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே இறங்குவது தெரிந்தது. பரப்பு இழுவிசை பாலைக் கல்லின் பக்கம் இழுக்கிறது. படலம் மெலிதாக இருப்பதால், வெள்ளைப் பால் ஈரக்கல்லில் கண்ணுக்குப் படுவதில்லை. வீட்டில் அம்மிக்குழவியை நிமிர்த்தி வைத்து, பாலில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்து, நீங்களே செய்து பார்க்கலாம். இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம்: சாட்சியின் நேர்மையை ஒப்புக்கொண்டு, சாட்சி சொல்லும் விளக்கத்தை மட்டும் சோதியுங்கள். 'பால் குறைந்தது' என்பது சாட்சி. 'பிள்ளையார் குடித்தார்' என்பது விளக்கம்.

பார்த்தால்தான் நம்புவேன் என்று சொல்லிவிடாதீர்கள்

இது நம் பக்கத்தவர் தவறாமல் விழும் குழி. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுவரும் மணிமேகலை, கடைசியில், பருப்பொருளே எல்லாம் என்னும் பூதவாதியிடம் வருகிறாள். நேரில் காணும் காட்சி ஒன்றே அறியும் வழி (அளவை), கருதி அறியும் அனுமானம் (கருத்தளவை) ஆகாது என்பது அவன் கொள்கை. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று அவள் கேட்கிறாள். அவள் நிலைநாட்ட விரும்பிய மறுபிறப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பூதவாதியின் விதியைச் சாய்த்துவிடுகிறது. எலெக்ட்ரானை யாரும் கண்ணால் கண்டதில்லை. விளைவுகளிலிருந்து கருதி அறிகிறோம். ஆகவே கேட்க வேண்டியது 'காட்டு' என்று இருக்கக் கூடாது; 'எதிலிருந்து இதைக் கருதி அறிகிறாய், அந்த அறிகுறிக்கு வேறு விளக்கம் பொருந்தாதா' என்று இருக்க வேண்டும்.

வலுவான மறுப்புகள்

பொறுப்பு என்ற பேச்சே இங்கே பொருந்தாது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எளிதாகத் தள்ளக் கூடாது. ஆங்கிலேயத் தத்துவவாதி டபிள்யூ. கே. கிளிஃபர்ட் 1877இல் எழுதிய கட்டுரையில், பழுதான கப்பலைப் பழுதில்லை என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டு ஆட்களோடு அனுப்பிய முதலாளியைப் பற்றிச் சொல்லி, கப்பல் தப்பியிருந்தாலும் அவர் குற்றவாளியே, ஏனென்றால் அப்படி நம்ப அவருக்கு உரிமையில்லை என்றார். எங்கள் படகோட்டி அண்ணனிடம் இதைச் சொன்னபோது, முழுதும் கேட்டுவிட்டு, "அந்த ஓனரை எனக்கும் தெரியும் தம்பி" என்றார். அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1896இல் இதற்கு மறுப்புச் சொன்னார்: ஆதாரத்தால் தீர்க்க முடியாததும், தள்ளிப்போட இயலாததும், வாழ்க்கைக்கு முக்கியமானதுமான தேர்வில் மனத்தின் சாய்வைப் பின்பற்ற மனிதருக்கு உரிமை உண்டு என்றார். இதை நான் பாதி ஏற்கிறேன். தன் வாழ்க்கையை மட்டும் பணயம் வைப்பவருக்கு அந்த உரிமை உண்டு. பிறரைப் படகில் ஏற்றுபவருக்கு இல்லை.

அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா வேறு வழியில் வருகிறார். நேற்று சாப்பிட்டது நினைவிருக்கிறது, பிறருக்கும் மனம் உண்டு என்பவற்றை நாம் வாதம் வைத்து நம்புவதில்லை. கடவுள் நம்பிக்கையும் அதுபோல அடிப்படையாக இருக்கலாம் என்கிறார். என் பதில் ராயபுரத்திலேயே கிடைக்கிறது. அங்காளம்மன் கோவில், தூய பேதுரு தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே வருபவருக்கு அவரவர் நம்பிக்கை அடிப்படையாகத்தான் தோன்றுகிறது. நேற்றைய சாப்பாட்டைப் பற்றி ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், நினைவை மட்டும் நம்பாமல் பாத்திரத்தைத் திறந்து பார்ப்போம். இந்தப் பதில் முழுமையானது என்று சொல்லமாட்டேன், ஆனால் இதுவரை இதைவிட நல்லதை நான் கண்டதில்லை.

எங்கே கேட்கக் கூடாது, எங்கே விடாமல் கேட்க வேண்டும்

என் தவறு இங்கேதான் வருகிறது. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர் ஒருவருடைய மனைவியிடம் கையெழுத்து வாங்க ஒருமுறை போனேன். ஒருவரைப் பற்றி, இருந்திருந்தால் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்களே ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதைக் காட்ட வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அவர் இறந்ததாகக் கொள்ளக் கோரி அந்த அடிப்படையில்தான் வழக்கு. கூரையில் செருகியிருந்த அவருடைய வலை தைக்கும் ஊசியை அந்த அக்கா எடுத்து, முந்தானையால் துடைத்துத் திரும்பச் செருகிவிட்டு, "எங்கியோ உயிரோட கீறாரு தம்பி, அம்மா கனவுல வந்து சொன்னா" என்றார். "அதுக்கு என்னக்கா ஆதாரம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாக்கியத்தை நான் ஏற்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கிடையே வழக்கு இல்லை. ஆகவே பொறுப்பும் இல்லை.

சில மாதங்கள் கழித்து, கணவரைத் திரும்ப வரவழைக்கப் பூஜை செய்வதாகச் சொல்லி ஒரு குறிகாரர் அவரிடம் பதினைந்தாயிரம் ரூபாய் கேட்டார். இப்போது கூற்று குறிகாரருடையது, பொறுப்பும் அவருடையது. நான் அந்த அக்காவின் அனுமதியோடு உடன் இருந்து இரண்டே கேள்விகள் கேட்டேன்: அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார், பணத்தை அவர் வந்த பிறகு வாங்கிக்கொள்ளச் சம்மதமா? முதல் கேள்விக்கு 'வடக்கே' என்றார். இரண்டாவது கேள்விக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. பணமோ, மருந்தோ, பிறருடைய உரிமையோ கைமாறும் இடத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் கூச்சப்படாமல் கேளுங்கள். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டென்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லேயே ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. மஞ்சள் காமாலைக்கு மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குத் தாமதமாகப் போகும் ஆட்கள் இருக்கும்வரை அந்தச் சட்டத்தை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் பங்கை எழுதிவையுங்கள்

கடைசி வேலை உங்களுடையது. எது நடந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எந்த ஆதாரமும் தன்னை மாற்றாது என்பவருக்கு ஆதாரம் கேட்கும் தகுதி இல்லை. நான் ஐந்து இலக்க எண் ஒன்றை எழுதி, உறையில் ஒட்டி, வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். ஜெபத்திலோ தியானத்திலோ யாருக்காவது அந்த எண் தெரிவிக்கப்பட்டால், அதை ஆதாரமாக ஏற்று என் நிலையை மறுபடி பரிசீலிப்பேன் என்று கடையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். கர்த்தரைச் சோதிக்கக் கூடாது என்று சபைக்காரர் மறுத்தார். அப்படியானால் ஜெபத்தில் செய்தி கிடைக்கிறது என்பதை எனக்கு எதிரான ஆதாரமாக இனி வைக்க வேண்டாம் என்று கேட்டேன்; யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் பைபிளோடு வந்து, 1 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார். கர்மேல் மலையில் தீர்க்கதரிசி எலியா, பாகால் என்ற வேற்றுத் தெய்வத்தின் 450 தீர்க்கதரிசிகளுக்கு எதிரே பலிபீடம் கட்டி, எந்தத் தெய்வம் அக்கினியால் பதில் சொல்கிறதோ அதுவே தெய்வம் என்று சோதனை வைக்கிறார். தன் பலியின் மேல் நான்கு குடம் தண்ணீரை மும்முறை ஊற்றச் சொல்கிறார். சோதனையே கூடாது என்று தான் சொன்னது சரியில்லை, தேவன் கட்டளையிட்டால் சோதனை உண்டு என்று தன் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டார். தன் பக்கத்துச் சோதனையைத் தானே கடினமாக்கிக்கொண்ட எலியாவின் அந்தத் தண்ணீரைப் பற்றி அன்று காலை முழுவதும் பேசினோம். அந்தச் சம்பவம் நடந்ததற்கு என்ன சாட்சி என்ற கேள்வியை, அவருடைய சம்மதத்தோடு, வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறோம்.